இழை அறுந்தால் நிற்கும் தறி

ஒரு வண்டியைப் பற்றி ஊரில் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு, "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்" என்பதுதான். அந்தப் பாராட்டை உலகத்தில் அதிகம் வாங்கிய பெயர் டொயோட்டா. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஹைலக்ஸ், வளைகுடா நாடுகளில் லேண்ட் குரூஸர், இலங்கையில் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற ஹையேஸ் வேன், தமிழகச் சுற்றுலா டாக்ஸிக்காரர்களிடம் முதலில் குவாலிஸ், பிறகு இன்னோவா என்று வண்டி மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. 1987இல் சாட் நாட்டுப் படைகள் லிபியாவின் டாங்கிகளை டொயோட்டா பிக்கப்புகளில் துரத்தியடித்தன. அந்தப் போரின் கடைசிக் கட்டத்துக்கே 'டொயோட்டா போர்' என்று பெயர் விழுந்தது. எந்த விளம்பரத்துக்கும் எட்டாத புகழ். எந்த நிறுவனமும் வெளியில் சொல்லிக் கொண்டாட முடியாத புகழும்கூட. இப்படி ஓட்டத்துக்குப் பெயர்போன நிறுவனத்தின் வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கிடப்பது ஒரு நிறுத்தம். பழுது கண்ட இடத்தில் வேலையை நிறுத்துகிற பழக்கம் அதை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழக்கம் தளர்ந்தபோதெல்லாம் அதன் பெயரும் அடிவாங்கியிருக்கிறது.

கதை தொடங்குவது தறியில். 1867இல் இன்றைய ஷிசுவோகா மாவட்டத்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாகிச்சி டொயோடா, வாழ்நாள் முழுதும் தறியைத் திருத்திக்கொண்டே இருந்தவர். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும். ஆள் கவனிப்பதற்குள் முழக்கணக்கில் துணி பாழாகியிருக்கும். அதனால் தறிக்கு ஒரு காவல் கண் எப்போதும் தேவை. 1924இல் முழுமை பெற்ற சாகிச்சியின் ஜி வகைத் தானியங்கித் தறி, ஊடை நூல் தீரும்போது ஓட்டம் குறையாமல் நாடாவை மாற்றிக்கொண்டது. இழை அறுந்தால் தானாகவே நின்றது. நின்ற தறி மட்டும் ஆளைக் கூப்பிடும் என்பதால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஜவுளி இயந்திரங்களுக்கு உலகத்துக்கே வாத்தியாராக இருந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் இதன் உரிமையை 1,00,000 பவுண்டு பேசி வாங்கியது. இந்த முறைக்கு ஜப்பானியத்தில் 'ஜிடோகா' என்று பெயர். தானியக்கம் என்பதற்கான வழக்கமான சொல்லில் ஓர் எழுத்துக்கு மனிதனைக் குறிக்கும் சிறு குறியைச் சேர்த்து எழுதுவார்கள். ஒலி அதேதான், பொருள் மட்டும் நகர்ந்துவிடும்: மனித புத்தி சேர்ந்த தானியக்கம்.

சாகிச்சியின் மகன் கீச்சிரோ, தறி நிறுவனத்துக்குள்ளேயே 1933இல் கார்ப் பிரிவைத் தொடங்கினார். 1935இல் ஜி1 லாரி, 1936இல் ஏஏ கார், 1937இல் தனி நிறுவனம். இடையில் பெயரும் மாறியது. குடும்பப் பெயரான டொயோடாவை ஜப்பானிய எழுத்தில் எழுதப் பத்துக் கோடுகள் வேண்டும்; டொயோட்டா என்றால் எட்டே போதும், எட்டு அங்கே ராசியான எண். (அங்கே இரண்டு கோடுகள் குறைந்தன, நமக்கு ஒரு 'ட்' கூடியது.) புகழ்பாடுகிறவர்கள் இந்தக் காலத்தைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். காரணம் உண்டு: அந்த முதல் லாரிகள் வழியெங்கும் பழுதாகி நின்றன. எஃகின் தரம் போதவில்லை, வார்ப்பு சரியில்லை, அச்சு முறிந்தது. நிறுவனத்து ஆட்களே ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுத்தார்கள். டொயோட்டாவின் உறுதி பிறவியில் வந்தது என்று நம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த லாரியை.

பழக்கம் முறையாக மாறக் காரணம் வறுமை. போருக்குப் பின் பணவீக்கத்தை அடக்க அமெரிக்கர்கள் திணித்த 'டாட்ஜ் கொள்கை'யால் 1949இல் கடன் வறண்டது, லாரிகள் விற்காமல் தேங்கின, நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்தது. வங்கிகள் கைகொடுத்தன, ஆனால் நிபந்தனைகளோடு. விற்பனை தனி நிறுவனமாகப் பிரிய வேண்டும். அது விற்கும் அளவுக்கு மட்டுமே தொழிற்சாலை உற்பத்தி செய்ய வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டும். 1950 வசந்தத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் 1,500க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் போன அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. நிறுவனம் பிழைத்தது, 1952இல் கீச்சிரோ இறந்தார். கொரியாவின் துயரம் இல்லாவிட்டால் டொயோட்டா இன்று ஒரு தறிக் கம்பெனியின் தோற்றுப்போன கிளையாக அடிக்குறிப்பில் இருந்திருக்கலாம். அதிர்ஷ்டத்தின் பங்கை மறைத்து எழுதும் நிறுவன வரலாறுகளை நம்பத் தேவையில்லை. ஆனால் ஆர்டர் பெருகிய பிறகும் ஆளையும் சரக்கையும் கண்டபடி பெருக்காமல் இருந்தது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல.

அந்தக் கட்டத்தில் இயந்திரக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் தாயீச்சி ஓனோ. நெசவாலையில் வேலை பழகி 1943இல் கார்ப் பக்கம் வந்தவர் என்பதால், இழை அறுந்தால் நிற்கும் தறி அவருக்குப் புதிதல்ல. எடுத்த சரக்கின் இடத்தை மட்டும் திரும்ப நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டின் வழியைத் தொழிற்சாலைக்கு மாற்றி, 'கன்பான்' என்ற அட்டையின் மூலம் அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் பொருள் செய்யும் என்று ஆக்கினார். இருப்பு குறைந்தால் பணம் மிச்சம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விளைவு வேறு. பக்கத்தில் மூட்டை மூட்டையாக உதிரிபாகம் இருந்தால் கெட்டதைத் தூக்கிப்போட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம், கோளாறு வெளியே தெரியாது. கைக்கு எட்டியது ஒன்றே ஒன்று என்றால், அது கெட்டிருந்தால் எல்லாமே நின்றுபோகும், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். அசெம்ப்ளி லைன் நெடுகத் தொங்கும் கயிறு இங்குதான் வருகிறது. தவறு கண்ட தொழிலாளி அதை இழுத்தால் தலைக்குமேல் பலகையில் விளக்கெரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். குறித்த எல்லைக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். அந்த விளக்குக்கு 'அண்டோன்', அதாவது பழைய ஜப்பானியக் காகித விளக்கின் பெயர்.

இதெல்லாம் ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறிய ஒழுங்கு, மற்றவர்களுக்கு வராது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மறுப்பு. ரத்தம்தான் காரணம் என்றால் 1957இல் அமெரிக்காவுக்குப் போன டொயோபெட் கிரவுன் மானத்தை வாங்கியிருக்காது. ஜப்பானின் குண்டும் குழியுமான சாலைக்குச் செய்த அந்தக் கார் கலிபோர்னியாவின் அதிவேகச் சாலையில் மூச்சுத் திணறியது. சில ஆண்டுகளிலேயே அங்கு கார் விற்பனையை நிறுத்திக்கொண்டு, 1965இல் கொரோனாவோடுதான் தலைநிமிர்ந்து திரும்பினார்கள். அதே ஆண்டில் தரக்கட்டுப்பாட்டுக்காக டொயோட்டா வென்ற டெமிங் பரிசுகூட ஓர் அமெரிக்கப் புள்ளியியலாளரின் பெயரில் அமைந்தது. இதையும்விடத் தெளிவான சான்று கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் அந்தத் தொழிற்சாலைக்கு, ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள், வேலை நேரத்தில் குடி, ஓயாத தகராறு என்று கெட்ட பெயர். லைனை நிறுத்துவது அங்கே மன்னிக்க முடியாத குற்றம். தப்பாகப் பூட்டிய கார் அப்படியே போகும்; வெளியே முற்றத்தில் நிறுத்திப் பிரித்து மேய்வார்கள். 1982இல் அதை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 'நம்மி' என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பாலானோர் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். குழுக்குழுவாக ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கி, கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். வேலைக்கு வராதோர் எண்ணிக்கை சரிந்தது, காரின் தரம் ஜப்பானிய ஆலைக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த முறையைத் தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோனபோது கயிறு மட்டும் போனது. இழுக்க விடும் மேலாளர்கள் போகவில்லை. 1992இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

நம்மி இன்னொரு சங்கடமான உண்மையையும் காட்டுகிறது. அங்கே டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸமும் ஒரே லைனில், ஏறக்குறைய ஒரே காராக உருண்டு வந்தன. ஆனாலும் கொரோலாவுக்கு விலை கூடுதல், பழைய வண்டிச் சந்தையிலும் அது மெதுவாகவே விலை இறங்கியது. ஆக, மக்கள் காசு கொடுப்பது இரும்புக்கு மட்டுமல்ல, பெயருக்கும்தான். டொயோட்டாவின் புகழெல்லாம் மிகை என்பவர்களின் வாதத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பழைய, எளிய தொழில்நுட்பத்தை விடாமல் பிடித்திருப்பதும் உதவுகிறது: தெரிந்த என்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், உதிரிபாகம் கிடைக்கும், கிடைப்பதால் வண்டி ஓடும், ஓடுவதால் பெயர் வளரும். ஆனால் இந்தச் சுழலுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே. டொயோட்டாவின் புத்தம்புதிய பெயரான லெக்ஸஸ் 1989இல் அமெரிக்காவில் இறங்கியது. முதுகில் பழைய புகழ் ஏதும் இல்லை. சில மாதங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள் வந்தவுடன் விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்பப் பெற்றார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பழுதான கார் ஒரு நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அரிய சம்பவம் அது. சந்தைப் பெயரில் ஓர் ஆபத்தும் உண்டு. பத்தாண்டு ஓடிய வண்டியைப் பார்த்துத்தான் ஊர் பேசும் என்பதால், இன்று நாம் கேட்கும் பாராட்டு பத்தாண்டுக்கு முந்தைய தொழிற்சாலைக்கு உரியது. இன்றைய தளர்ச்சி சந்தைக்கு எட்ட அவ்வளவு காலம் ஆகும்.

அப்படியொரு தளர்ச்சி 2009இல் வெளிப்பட்டது. 2008இல் விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்த டொயோட்டா, மறு ஆண்டே, தானாக வேகமெடுக்கும் கார்கள் என்ற குற்றச்சாட்டில் சிக்கி லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. காலடி விரிப்பில் மாட்டிக்கொள்ளும் ஆக்ஸிலரேட்டர், மிதித்தால் மீளாமல் ஒட்டிக்கொள்ளும் பெடல் ஆகிய இரண்டும் உண்மைக் கோளாறுகள். மின்னணுக் கோளாறு என்ற சந்தேகத்தை நாசாவின் பொறியாளர்கள் ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் இல்லை என்றனர். இதை வைத்து, அரசு மீட்ட அமெரிக்க கார் நிறுவனங்களுக்குச் சாதகமாக நடந்த அரசியல் வேட்டை இது என்று வாதிடுவோர் உண்டு. அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டச் சம்மதித்ததற்குக் காரணம், தெரிந்த கோளாறைப் பற்றி வாடிக்கையாளரிடம் உண்மையை மறைத்தது. தறியின் மொழியில் சொன்னால், இழை அறுந்ததை அறிந்தும் துணியை மடித்து அனுப்பினார்கள். நிறுவனர் குடும்பத்து அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து, வளர்ச்சியின் வேகம் ஆட்களைப் பழக்கும் வேகத்தை மீறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

கடினமான மறுப்பு தொழிலாளர் பக்கமிருந்து வருகிறது. பத்திரிகையாளர் சதோஷி கமாத்தா 1972இல் பருவகாலத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து சில மாதம் வேலை பார்த்து, கன்வேயரின் வேகம் மனிதனை என்ன செய்கிறது என்பதை நூலாக எழுதினார். 2007இல் நகோயா நீதிமன்றம், டொயோட்டாவின் தரக்கட்டுப்பாட்டு ஊழியர் ஒருவரின் சாவு அதிக வேலையால் நேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. வேலை முடிந்தபின் தரமேம்பாட்டுக் குழுவில் கழித்த நேரமும் வேலைதான் என்றது. பெங்களூரு அருகே பிடதி ஆலையில் 2006, 2014, 2020 என மூன்று முறை கதவடைப்பு நடந்தது. இந்த மறுப்புக்கு முழுப் பதில் கிடையாது. கயிறு காருக்காகக் கட்டப்பட்டது. கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று இழுக்கலாம். கை வலிக்கிறது என்று நாள்தோறும் இழுக்க முடியாது. லைனின் வேகத்தை நிர்ணயிப்பவர் கயிற்றின் அந்தப் பக்கம் நிற்பதில்லை.

மின்சாரக் காரில் டொயோட்டா பின்தங்கிவிட்டது என்ற இன்றைய குற்றச்சாட்டையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். 1997இல் பிரியஸ் ஹைப்ரிட் காரைக் கொடுத்த நிறுவனம் பேட்டரிக் காருக்குத் தயங்கியது நிதானமா, சோம்பலா என்பதைச் சந்தை தீர்மானிக்கட்டும். 2022இல் வந்த அதன் மின்சார கார் பிஇசட்4எக்ஸில் சக்கர போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம் என்று தெரிந்ததும், ஓட்டாதீர்கள் என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள். போல்ட்டு முறுக்குவது மின்சார யுகத்தின் புதிர் அல்ல என்பது வெட்கம். சொல்லி நிறுத்தியது பழைய பழக்கம்.

அதைவிடக் கவலைக்குரியது டைஹாட்சு. 2016 முதல் டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான இந்தச் சிறுகார் நிறுவனத்தில் 64 மாடல்களின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததாக 2023 டிசம்பரில் வெளியார் விசாரணைக் குழு சொன்னது. மிகப் பழையது 1989ஐச் சேர்ந்தது, 2014க்குப் பிறகு பெருகியவை அதிகம். இறுக்கமான தயாரிப்புக் கெடு, முடியாது என்று சொல்ல இடமில்லாத சூழல் ஆகியவையே காரணம் என்றது குழு. சோதனைக்கூடத்தில் கயிறு தொங்கவில்லை. முதல் இழுப்பு அதே ஆண்டு ஏப்ரலிலேயே, உள்ளேயிருந்த யாரோ ஒருவரின் புகாராக வந்தது: வெளிநாடுகளுக்கான கார்களில் பக்கவாட்டு மோதல் சோதனைக்காகக் கதவின் உட்புறத்தில் ஒரு வெட்டு செய்திருக்கிறார்கள், விற்கும் காரில் அந்த வெட்டு இல்லை. அங்கிருந்து எட்டு மாதம். டிசம்பர் கடைசி வாரத்தில் ஜப்பானில் டைஹாட்சுவின் கடைசி லைனும் நின்றது.