வெனேடியம் புகுந்த கூடு

பாஸ்பேட் உப்பொன்றை நைட்ரிக் அமிலத்திற் கரைத்து, அதனுடன் அம்மோனியம் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து இளஞ்சூடு காட்டினால், மஞ்சள் அரைத்துக் கரைத்தாற்போன்ற வீழ்படிவு தோன்றும். இதனை நம் இரசாயனக் கூடத்திற் காணாத விஞ்ஞான மாணவர் இலர். கண்டதும் ‘பாஸ்பேட் உண்டு’ என்று குறிப்பேட்டில் எழுதிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிடுவர். அம்மஞ்சள் யாதென வினவுவார் சிலரே. தமிழ் பயில்வோனாகிய யான் அதனை வினவப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. தாமிரபரணிப் பாசனத்திற் காரும் பிசானமும் விளைவிக்கும் உழவர், பாஸ்பேட் உரத்தை எத்துணை மூட்டை வாங்குதல் வேண்டும் என்னும் கணக்கு, இம்மஞ்சளையும் இதன் உடன்பிறப்பாகிய ஒரு நீலத்தையுமே பற்றி நிற்கின்றது.

சுவீடன் தேயத்துப் பெர்சீலியஸ் இம்மஞ்சட் பொருளை 1826ஆம் ஆண்டிலேயே குறித்தனர். ஆயினும் இதன் உள்ளமைப்பு நூறாண்டுகளுக்கு மேலாகப் புலப்படவில்லை. 1933இல் கெக்கின் என்பார், மாலிப்டினத்திற்குப் பதிலாக டங்ஸ்டன் அமைந்த ஒத்த பொருளொன்றை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அதனை வெளிப்படுத்தினார். நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு. அதனைச் சூழ நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள். அவற்றிற்கும் புறத்தே பன்னிரண்டு மாலிப்டின அணுக்கள், மும்மூன்றாக நான்கு குழுக்களாய் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஆறு ஆக்ஸிஜன்கள் சூழ்கின்றன. அண்டை வீட்டார் நடுச்சுவரைப் பொதுவாகக் கொள்ளுதல்போல அவற்றுட் பல இரண்டு மூன்று அணுக்களுக்குப் பொதுவாதலின், மொத்தம் 40 ஆக்ஸிஜன்களே உள. இக்கூடு முழுவதும் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவினதே.

இதன் மின்னேற்றத்தைக் கணக்கிடுதல் எளிது. பாஸ்பரஸ் 5, மாலிப்டினம் பன்னிரண்டிற்கு 72, ஆக நேரேற்றம் 77. ஆக்ஸிஜன் நாற்பதிற்கு எதிரேற்றம் 80. எஞ்சுவது எதிரேற்றம் 3. இனி, ஒரு மாலிப்டினத்தை நீக்கி அவ்விடத்து வெனேடியத்தை அமர்த்துவோமாயின், வெனேடியத்தின் ஏற்றம் 5 ஆதலின், எதிரேற்றம் 4 ஆகும். கூட்டின் வடிவு மாறுவதன்று; இயல்பே மாறுகின்றது. இரண்டு வெனேடியம் புகுந்தாலோ, அவை ஒன்றற்கொன்று எத்துணை அணிமையில் அமர்கின்றன என்பது பற்றி ஐந்து வகைக் கூடுகள் உளவாம்.

வெனேடியத்தின் கதை சுவையுடைத்து. 1801இல் மெக்ஸிகோவில் டெல் ரீயோ இதனைக் கண்டும், பிறர் மறுக்கத் தம் கூற்றைக் கைவிட்டனர். 1830இல் செஃப்ஸ்ட்ரோம் மீளக் கண்டு, வனாடிஸ் என்னும் வடபுலத் தெய்வத்தின் பெயரை இதற்கு இட்டார். இதன் கரைசல்கள் ஐந்தாம் நிலையில் மஞ்சளாகவும், நான்காவதில் நீலமாகவும், மூன்றாவதிற் பச்சையாகவும், இரண்டாவதில் ஊதாவாகவும் விளங்கும். ஒவ்வொரு படியும் ஓர் எலெக்ட்ரானை ஏற்பதால் நேர்வது. ‘ஆக்ஸிஜனேற்றம்’ என நாம் வழங்கும் சொல் இவ்விடத்து மயக்கந் தருவது. ஆக்ஸிஜன் வாராதவிடத்தும் எலெக்ட்ரான் இழக்கப்படின் அஃது ஆக்ஸிஜனேற்றமே. 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் நூலைத் தமிழில் வெளிப்படுத்திய டாக்டர் கிறீன் காலத்தில் எலெக்ட்ரானையே எவரும் அறிந்திலர். நமக்கு அச்சாக்கு இல்லை.

மாலிப்டினக் கூட்டிற்கு ஓர் எலெக்ட்ரானைத் தந்தால், அது பன்னிரு அணுக்களிடையே ஓரிடத்து நில்லாது உலவும், நிறம் நீலமாகும், கூடு உடைவதில்லை. வெனேடியம் புகுந்த கூட்டிலோ, முதலெலெக்ட்ரான் வெனேடியத்தின்பாற் சென்று தங்கிவிடுகின்றது. பின்னர்க் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதனைக் கவர்ந்துகொள்ள, பழைய நிலை மீளும். ஒரு பொருளினின்று வாங்கி ஆக்ஸிஜனுக்குக் கொடுக்கும் இத்தரகு வேலையினாலேயே இக்கூடுகளைக் கிரியா ஊக்கிகளாக வேதியியலார் விரும்புகின்றனர்.

இதே வேலையைக் கூடின்றியும் வெனேடியம் செய்யும். கந்தக அமிலம் ஆக்குமிடத்து, 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், கந்தக டை ஆக்ஸைடின் எலெக்ட்ரானை வாங்கிக் காற்றிற்குக் கொடுப்பது வெனேடியம் பென்டாக்ஸைடே. அவ்வமிலம் பாஸ்பேட் பாறையைக் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் தருகின்றது; அதனினின்று டி.ஏ.பி. உரம் பிறக்கின்றது. 1969இல் நிறுவப்பெற்ற ஸ்பிக் நிறுவனத்தின் தூத்துக்குடித் தொழிற்சாலையால் இத்தொழில் நம் ஆற்றின் கழிமுகத்தருகே வந்தது. பாறையின் பெரும்பகுதி நம் நாட்டிற்கு அயல்நாடுகளினின்று வருவது. ஆதலின் மிகையாக இடப்பெறும் ஒவ்வொரு மூட்டையும் உழவரின் பணத்தோடு நாட்டின் பணத்தையும் கொண்டுசெல்கின்றது. பயிர் கொள்ளாத பாஸ்பேட் மண்ணோடு அரித்துக் குளத்தையும் ஆற்றையும் அடைந்து, பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்கச் செய்யும்.

உரத்திலும் பயிரின் இலை தண்டுகளிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க, வெனேடியமும் மாலிப்டினமும் கலந்த கரைசலைச் சேர்த்து, மேற்கூறிய கலப்புக் கூட்டின் மஞ்சளை ஒளிமானியால் அளப்பர். மண்ணிற் கிடைக்கும் பாஸ்பரஸ் மிகச் சிறிதாதலின் அம்மஞ்சள் போதாது. ஆங்கு மாலிப்டினக் கூட்டிற்கு அஸ்கார்பிக் அமிலத்தால் எலெக்ட்ரானை ஊட்டி, செறிந்த நீலத்தைப் பெற்று அளப்பர். அஸ்கார்பிக் அமிலமாவது நெல்லிக்கனியிலுள்ள சீவசத்து ‘சி’யே. மணற்சத்தாகிய சிலிக்கேட்டும் இத்தகைய கூட்டை அமைத்துப் பொய்நிறங் காட்ட வல்லதாகலின், அமிலத்தின் அளவைச் சரியாக நிறுத்துதல் வேண்டும். மண் எடுப்போரும் வரப்போரத்தையும், எருக் குவித்த இடத்தையும், மரநிழலையும் விலக்கி, வயலிற் பல இடங்களில் அரையடி ஆழம்வரை எடுத்துக் கலந்து அனுப்புதல் வேண்டும். எருக்குவியலின் அடிமண் ஒரு பிடி கலந்துவிடினும், நீலம் மிகுந்து, வயல் முழுவதற்கும் உரம் வேண்டாவெனச் சீட்டு வந்துவிடும்.