வடிகட்டி விளக்கு எரிகிறதா?

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் புதிதல்ல. பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயிலும் பீங்கான் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான டீசல் கார், பிக்கப்களில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டிதான் கரியைப் பிடித்து வைக்கிறது. சுமார் 600 டிகிரி சூட்டில் அந்தக் கரி எரிந்துபோகும். வீட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அவ்வளவு சூடு ஏறாது. கரி அடைத்து, இழுவை குறையும்.

வடிகட்டி விளக்கு எரிந்தால், உளுந்தூர்பேட்டை சாலையில் சீரான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். உடனே வைக்கோல், சருகு மேல் நிறுத்த வேண்டாம், தீப்பிடிக்கும். விளக்கு அணையாவிட்டால், ஸ்கேனர் உள்ள பட்டறையில் காட்டுங்கள். கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். செலவுக்குப் பயந்து வடிகட்டியைக் கழற்றிவிடாதீர்கள்; அது சட்டப்படி கூடாது.