பெயர்கள் மட்டும் வரவில்லை

எங்கள் குடும்பப் படங்கள் இரண்டு இடங்களில் இருந்தன. கிள்ளான் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மேசைக் கணினியில் பாதி. நான் பல்கலைக்கழகத்திற்குத் தூக்கிச் செல்லும் மடிக்கணினியில் மீதி. கடந்த டிசம்பரிலும் அதற்கடுத்த தவணை விடுமுறையிலும் அந்த மடிக்கணினியோடு ஒரு ஸ்கேனரையும் பையில் போட்டுக்கொண்டு ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் என்று உறவினர் வீடுகளுக்குப் போய் வந்தேன். பிஸ்கட் டின்களிலும் பழைய ஆல்பங்களிலும் கிடக்கும் படங்கள் செல்லரித்துப் போவதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

சுங்கை சிப்புட்டில் என் பாட்டியின் தங்கை இருக்கிறார். சின்னப் பாட்டிக்கு 84 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால் ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டே போவார். "இது கங்காணி மவ. பக்கத்துல நிக்கிறது உங்க தாத்தாவோட மச்சான். பின்னால தெரியுது பாரு, அதான் நம்ம லயம்." அதையெல்லாம் அந்தந்தப் படத்தின் குறிப்புக் கட்டத்தில் தமிழிலேயே தட்டச்சு செய்தேன். நான் பயன்படுத்தியது லைட்ரூம் கிளாசிக் மென்பொருள்.

விடுமுறை முடிந்தது. எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பிக்கு அந்த மடிக்கணினியைக் கொடுப்பதாக அம்மா முடிவு செய்துவிட்டார். அதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் படங்களை மேசைக் கணினிக்கு மாற்ற வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கோப்புறையை வன்தட்டில் நகலெடுத்தேன், மேசைக் கணினியில் ஒட்டினேன்.

முதல் தடங்கல் உடனே வந்தது. அதே பெயரில் கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை மாற்றவா, விட்டுவிடவா என்று கணினி கேட்டது. ஸ்கேனருக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. இரண்டு கணினிகளிலும் அது ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்தே எண் போட்டிருந்தது. 'மாற்று' என்று சொல்லியிருந்தால் தெலுக் இந்தான் அத்தையின் படம், கிள்ளானில் இருந்த தாத்தாவின் படத்தை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நல்ல வேளை, பயந்துபோய் 'விட்டுவிடு' என்று அழுத்தினேன். அதனால் பழையவை தப்பின. ஆனால், புதியவற்றில் பல வந்து சேரவே இல்லை. அது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கியது. வந்து சேர்ந்த படங்களைத் திறந்தால் முகங்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. குறிப்புக் கட்டம் எல்லாப் படங்களிலும் வெறுமையாக இருந்தது.

குறை மென்பொருளில் இல்லை, என்னிடம்தான். லைட்ரூமில் கேட்டலாக் என்று ஒரு கோப்பு உண்டு. படங்கள் அதற்குள் இருப்பதாகவே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் மாதிரி. அதில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். எந்தப் படம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, அதற்கு என்ன குறிப்பு எழுதினோம், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினோம் என்பதெல்லாம் கேட்டலாக்கில் பதிவாகும். படமோ வன்தட்டில் தனியாகக் கிடக்கும். நான் ஆட்களை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டு, செக்ரோலைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று இரவே மடிக்கணினியைத் துடைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். தம்பிக்கு மறுநாள் காற்பந்துப் பயிற்சி இருந்ததால் அவன் அவசரப்படுத்தவில்லை. அவனுடைய காற்பந்தை நான் குறை சொல்லாத ஒரே நாள் அதுதான்.

சரியான வழியை மறுநாள் உட்கார்ந்து செய்தேன். முதலில் இரண்டு கேட்டலாக்குகளையும் தனித்தனியாக நகலெடுத்து வைத்தேன். பிறகு மடிக்கணினியில் படங்களின் பெயர்களை ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து மாற்றினேன். இதை லைட்ரூமுக்குள்ளேயே செய்ய வேண்டும். வெளியே கோப்புறையில் மாற்றினால் கேட்டலாக் படத்தைத் தேடிக்கொண்டு நிற்கும். அடுத்து, 'கேட்டலாக்காக ஏற்றுமதி செய்' என்ற கட்டளையில் படக் கோப்புகளையும் சேர்க்கும்படி குறித்து வன்தட்டுக்கு அனுப்பினேன். மேசைக் கணினியில் 'இன்னொரு கேட்டலாக்கிலிருந்து இறக்குமதி செய்' என்று கொடுத்து, படங்களைப் புதிய இடத்தில் நகலெடுக்கச் சொன்னேன். 600 டி.பி.ஐ. அளவில் எடுத்த சிறிய படம்கூட டிஃப் வடிவத்தில் ஏறத்தாழ 19 மெகாபைட் வரும். அதனால் நேரம் பிடித்தது. ஆனால், சின்னப் பாட்டி சொன்னது எழுத்து மாறாமல் வந்து சேர்ந்தது.

அதோடு, எல்லாப் படங்களையும் தேர்வு செய்து கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தினேன். இப்படிச் செய்தால் குறிப்பு கேட்டலாக்கில் மட்டும் இல்லாமல் டிஃப், ஜேபெக் கோப்புகளுக்குள்ளேயே எழுதப்படும். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் படத்தோடு பெயரும் போகும். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தேதிகள் இன்னும் குழப்பமாகத்தான் இருக்கின்றன. ஸ்கேன் செய்த நாளையே கணினி படம் எடுத்த நாளாக எண்ணிக்கொள்கிறது. அதனால் 1960களில் நடந்த தாத்தாவின் கல்யாணம், நான் ஈப்போவில் சாப்பிட்ட நாசி லெமாக்குக்கும் என் நண்பனின் பிறந்தநாளுக்கும் நடுவில் வந்து நின்றது. தேதியைத் திருத்த வழி உண்டு. ஆனால் 'ஏறத்தாழ 1965' என்று அதில் போட முடியாது. ஆண்டைக் குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டு, அது குத்துமதிப்பு என்று குறிப்பில் எழுதி வைக்கிறேன். உறவினர்கள் புலனத்தில் அனுப்பிய படங்களில் எடுத்த தேதியே இல்லை, அளவும் சுருங்கியிருந்தது. இப்போதெல்லாம் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறேன்.

திரும்பி வராதவையும் உண்டு. டிசம்பரில் ஸ்கேன் செய்த 23 படங்களை அப்போதே இதே அரைகுறை முறையில் மாற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று மடிக்கணினியிலிருந்து கேட்டலாக்கோடு அழித்திருந்தேன். படம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தேன், பெயர் வந்ததா என்று பார்க்கவில்லை.

எனவே, மறுபடியும் சுங்கை சிப்புட்டுக்குப் பேருந்து ஏறினேன். சின்னப் பாட்டி சலித்துக்கொள்ளவில்லை. "மறந்துட்டியாய்யா?" என்று சிரித்துவிட்டு மீண்டும் சொல்ல ஆரம்பித்தார். 22 படங்களுக்குக் குறிப்பு எழுதி முடித்தேன். கடைசிப் படத்தில் லயத்து வாசலில் இரண்டு சிறுமிகள். இடப்பக்கம் நிற்பது தன் அக்கா, அதாவது என் பாட்டி என்று டிசம்பரில் சொன்னதாக எனக்கு நினைவு. இப்போது வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா இல்லய்யா, பக்கத்து வீட்டுப் புள்ள" என்றார்.

பாட்டி இப்போது இல்லை. அவருடைய சிறுவயதுப் படம் எங்களிடம் வேறு ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவிடம் காட்டினேன். மூக்கைப் பார்த்தால் பாட்டிதான் என்கிறார். சின்னப் பாட்டி டிசம்பரில் சொன்னது, இப்போது சொன்னது, அம்மா சொல்வது மூன்றையும் குறிப்புக் கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தினேன்.