கேம்பல் பே வீட்டுக்கு மெக்சிகோ வண்ணம்!

கேம்பல் பேக்கு மாற்றலாகி வருகிறவர்கள் கட்டில், பீரோ, சோபா என்று கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவது உண்டு. இரண்டு மழைக்காலம் போனால் பீரோவில் துரு ஏறிவிடும். பிளைவுட் உப்பிவிடும். சுவரில் பூசணம் பூக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவு இது. உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா?

அப்படியானால் இங்கே அழகான வீடு அமையாதா? அமையும். எந்தப் பொருளால் என்பதுதான் கேள்வி. இதே கேள்விக்கு முன்பே விடை கண்ட ஒரு நாடு மெக்சிகோ.

உள்ளூர்ப் பொருளே நாகரிகம்

1900ஆம் ஆண்டு வாக்கில் மெக்சிகோவில் வசதி படைத்தவர்கள் பிரெஞ்சு பாணி மாளிகைகளையே பெருமையாக நினைத்தார்கள். 1910இல் புரட்சி வெடித்தது. அதன் பிறகு, சொந்த மண்ணின் கைவினைப் பொருள்கள் மீது கலைஞர்களின் பார்வை திரும்பியது. ஓவியர் பிரீடா காலோவின் வீட்டுச் சுவர்களில் அடர்ந்த நீலம். "நீல வீடு" என்றே பெயர் பெற்ற அது, 1958இல் அருங்காட்சியகம் ஆயிற்று. கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் 1948இல் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டில் எரிமலைக் கல், மரப்பலகை, மண் ஜாடி ஆகியவற்றோடு காகிதப் பூவின் இளஞ்சிவப்பையும் சேர்த்தார். அந்த வீட்டை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைக் கலப்பார்கள், நன்றாகப் பிடித்துக்கொள்ள. நம் கொத்தனார்கள் அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்புக் காரையில் சேர்த்ததும் உறுதிக்காகத்தான்.

நிக்கோபாரியர் கண்ட வழி

உலகப் பாரம்பரியப் பட்டியலில் பராகான் வீடு சேர்ந்த அதே 2004இல், டிசம்பர் 26 அன்று, சுனாமி இந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. வீடிழந்தவர்களுக்கு முதலில் கிடைத்தவை தகரக் கொட்டகைகள். பகலில் அடுப்பு போலக் காய்ந்தன.

நிக்கோபார் மக்களின் பழைய வீடோ தேன்கூடு போன்ற வட்ட வடிவம். தரையைத் தொடாமல் கால்கள் மேல் நிற்கும். புல் வேய்ந்த கூரை. தரையின் இடுக்குகள் வழியே காற்று வரும். ஏணி வைத்து ஏறுவார்கள். சௌரா தீவுப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை வனைவதில் பேர் பெற்றவர்கள். அதற்கான களிமண் தெரேசா தீவிலிருந்து வரும். தாழை ஓலையில் பாய் முடைவதும் இத்தீவுகளில் உண்டு. நம் குமரிப் பக்கத்துத் தாழம்பாயை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நாம் செய்யக் கூடியவை

பூச்சுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். அதன் காரம் பூசணத்தை எளிதில் அண்ட விடாது. காவிப் பொடி, மஞ்சள் காவி, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கலந்து, ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் கொடுத்துப் பாருங்கள். மற்ற மூன்றும் வெள்ளையாக இருக்கட்டும். சின்ன அறைகூடக் களை கட்டும். ஆயில் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதை மறக்க வேண்டாம். அரசு குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் பொதுப்பணித் துறையைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு, முடைந்த தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் வெக்கை குறையும். அடுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கூடாது. சோபாவுக்குப் பதில் மூங்கில் பெஞ்சும் பாயும், வாசலுக்குக் கயிற்று மிதியடி, மூலையில் ஒரு மண் பானை. கெட்டாலும் மாற்றுவது சுலபம், செலவும் குறைவு.

தொடக் கூடாதவை

கடற்கரையில் கிடக்கிறதே என்று பவழத்தையும் கடல் விசிறியையும் பெரிய கிளிஞ்சலையும் எடுத்து வந்து அலமாரியில் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வேலைக்கே ஆபத்து வரலாம். காட்டுப் பிரம்பையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. கைவினைப் பொருள் வேண்டுமானால், போர்ட் பிளேரில் உள்ள சாகரிகா அரசு விற்பனைக் கூடத்தில் ரசீதோடு வாங்கலாம். அந்த நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தமிழர்களும் உண்டு. காட்டையும் மழையையும் பார்த்தே வாழக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் பீரோவைக் கப்பலில் ஏற்றுமுன் அந்தக் குடும்பங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். பணமும் மிஞ்சும், வீடும் குளிர்ச்சியாக இருக்கும்.