யாழ்ப்பாணத் தீவகத்தின் தொல்குடியிருப்பு: கிளிஞ்சல் மேடுகள் காட்டும் சூழல் வரலாறு

யாழ்ப்பாணத் தீவகம் என்பது இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குக் கரையை அடுத்துப் பாக்கு நீரிணையில் அமைந்துள்ள தீவுகளின் தொகுதியாகும். வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியன இதில் அடங்கும். இத்தீவுகளில் ஆறு இல்லை, மலை இல்லை. கற்கருவி செய்வதற்கு ஏற்ற வலிய பாறையும் இல்லை. இதனால், இரும்புக் காலத்திற்கு முன் இங்கு மனிதர் வாழ்ந்திருக்க வாய்ப்பில்லை என்ற கருத்தே நெடுங்காலம் நிலவியது. வேலணைத் தீவில் அண்மை ஆண்டுகளில் ஆராயப்பட்ட கிளிஞ்சல் மேடு இக்கருத்தை மாற்றியுள்ளது. இன்றைக்குச் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மக்கள் இத்தீவுக்கு வந்திருந்தனர் என்பதை அது காட்டுகிறது.

எழுத்தோ கட்டடமோ பானையோ விட்டுச் செல்லாத மக்களின் வாழ்க்கையை அவர்கள் உண்டு எறிந்த கழிவிலிருந்தும், அவர்கள் வாழ்ந்த நிலத்தின் மண்ணிலிருந்தும் அறியும் துறைக்குச் சூழல் தொல்லியல் என்று பெயர். அத்துறை எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தீவகத்தின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது.

நிலத்தின் அமைப்பு

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பே இன்று பாறையாக உள்ளது. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைமையான படிகப் பாறைகளால் ஆனது. வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் மட்டுமே இச்சுண்ணாம்புப் படுகை காணப்படுகிறது.

தீவுகள் மிகத் தாழ்வானவை. பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ளன. கரையோரங்களில் மணல் மேடுகளும், உட்பகுதிகளில் மெல்லிய மண்ணும், களப்புக் கரைகளில் சதுப்பும் உள்ளன. வேலணைக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையில் உள்ள களப்பு ஆழமற்றது. இன்று பண்ணைப் பாலத்தின் வழியாக அதைக் கடக்கிறோம்.

கடல் ஏறியதும் தீவு பிறந்ததும்

ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்தது. அப்போது கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். ஆகவே, இன்று நாம் கடல் என்று காணும் பரப்பு அன்று தரையாக இருந்தது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே செல்லலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. அக்கப்பல் கடக்கும் சுமார் 110 கிலோமீட்டர் வழியின் பெரும்பகுதியில் அக்காலத்தில் புல்லும் புதரும் வளர்ந்திருக்கும்.

பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவாயிற்று. அதன் பின்னும் ஏற்றம் உடனே நிற்கவில்லை. சில ஆயிரம் ஆண்டுகள் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே நின்று, பின்னர் படிப்படியாகத் தாழ்ந்தது. இலங்கையின் தென்கரையில் இன்றைய கரையிலிருந்து உள்ளே தள்ளிக் காணப்படும் இயற்கையான சிப்பிப் படுகைகள் இதற்குச் சான்றாகும்.

தீவகம் போன்ற தாழ்ந்த நிலத்திற்கு ஒரு மீட்டர் ஏற்றமே பெரிய மாற்றம். கடல் உயர்ந்து நின்ற காலத்தில் இன்றைய தீவுகளின் ஓரங்கள் நீருக்குள் இருந்திருக்கும். கடல் தாழ்ந்து மணல் மேடுகள் நிலைபெற்ற பிறகே மனிதர் தங்குவதற்கான கரை உருவாகும். வேலணைச் சான்றின் காலம் இந்த வரிசைக்குப் பொருந்துகிறது. தீவு பிரிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பிறகே இம்மக்கள் அங்கு சென்றுள்ளனர். எனவே தோணியோ தெப்பமோ கொண்டு சென்றிருக்க வேண்டும். அல்லது நீர் வற்றும் வேளை பார்த்துக் களப்பைக் கடந்திருக்க வேண்டும். எவ்வாறாயினும், கடலின் போக்கை நன்கு அறிந்தவர்களே அவர்கள்.

கிளிஞ்சல் மேடு என்றால் என்ன?

கடற்கரையில் கிளிஞ்சல் குவிந்து கிடப்பது புதுமையன்று. அலையும் புயலும் அதைச் செய்யும். அப்படியிருக்க, ஒரு குவியல் மனிதர் உண்டு எறிந்ததுதான் என்று எவ்வாறு சொல்வது? ஆய்வாளர் பின்வருவனவற்றைப் பார்க்கின்றனர்.

முதலாவது, அளவு. அலை ஒதுக்கிய குவியலில் குஞ்சு முதல் முதிர்ந்தது வரை எல்லா அளவிலும் ஓடுகள் கலந்திருக்கும். மனிதர் பொறுக்கியவற்றில் சதைப்பற்றுள்ள பெரிய மட்டிகளே மிகுதி.

இரண்டாவது, வகை. உண்ணத்தக்க சில வகைகளே திரும்பத் திரும்பக் கிடைத்தால் அங்கு தேர்வு நடந்துள்ளது என்று பொருள்.

மூன்றாவது, தேய்வு. அலையில் புரண்ட ஓடு மழுங்கியிருக்கும். உண்டபின் எறிந்த ஓட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். சிலவற்றில் தீயில் சுட்ட கறையும் தெரியும்.

நான்காவது, உடன் கிடைப்பவை. சாம்பல், கரித்துண்டு, மீன் முள், விலங்கெலும்பு, கற்செதில் ஆகியவை ஓடுகளோடு கலந்து கிடைத்தால் ஐயம் நீங்குகிறது.

கிளிஞ்சல் மேட்டிற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வெப்ப மண்டலத்து மண்ணில் எலும்பு விரைவில் மக்கிவிடும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்து, அருகிலுள்ள எலும்பையும் முள்ளையும் காக்கிறது. ஆகவே ஒரு கிளிஞ்சல் மேடு அக்கால மக்களின் உணவுப் பட்டியலையே நமக்குப் பாதுகாத்துத் தருகிறது.

இவ்வாய்வில் மண்வெட்டியைவிடச் சல்லடைக்கே வேலை அதிகம். அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று குறித்து, நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் சலிப்பர். ஒரு பகுதி மண்ணை நீரில் கரைத்தால் கருகிய விதைகளும் கரித்துகள்களும் மிதந்து வரும். மீனின் தலைக்குள் இருக்கும் சிறு செவிக்கல் கிடைத்தால் அது எவ்வகை மீன், எவ்வளவு பெரியது என்று கணிக்கலாம். சிப்பி ஓட்டின் வளர்ச்சி வரைகளை ஆராய்ந்தால் அது எந்தப் பருவத்தில் பிடிக்கப்பட்டது என்பதும் தெரியும். மக்கள் ஆண்டு முழுவதும் தங்கினரா, பருவத்திற்கு வந்து போயினரா என்ற வினாவிற்கு இவ்வாறுதான் விடை தேடப்படுகிறது.

காலக்கணிப்பு

உயிர்ப்பொருளில் உள்ள கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியிருக்கும் அளவைக் கொண்டு அப்பொருள் எப்போது இறந்தது என்று கணிக்கின்றனர். இதில் மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால், கடற்சிப்பியின் ஓடு அதன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும். இதனாலேயே அடுப்புக் கரி கிடைத்தால் ஆய்வாளர் அதைப் பெரிதும் விரும்புவர்.

கல் சொல்லும் செய்தி

வேலணை மேட்டில் குவார்ட்சு போன்ற வலிய கற்களால் ஆன சிறு கருவிகளும் செதில்களும் கிடைத்துள்ளன. குவார்ட்சு என்பது நம்மூரில் வெங்கச்சங்கல் எனப்படும் வெண்ணிறக் கல். சுண்ணாம்புத் தீவில் இது விளைவதில்லை. தெற்கே வன்னிப் பெருநிலத்தின் படிகப் பாறைப் பகுதிக்குச் சென்றால்தான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு செதிலும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. அம்மக்கள் தற்செயலாகக் கரை ஒதுங்கியவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே வலுவான சான்று. கல் எங்கே கிடைக்கும், மட்டி எங்கே கிடைக்கும் என்று அறிந்து, இரண்டையும் இணைக்கும் வழியை அவர்கள் வைத்திருந்தனர்.

குடிநீர்

ஆறில்லாத தீவில் குடிப்பதற்கு என்ன செய்தனர்? இதற்கு விடை நிலத்தடியில் உள்ளது. மழைநீர் மணலிலும் சுண்ணாம்புக் கல்லின் துளைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. இக்காரணத்தால், நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பர்.

மணல் மேடுகளில் இவ்வில்லை மேலேயே நிற்கும். கையால் தோண்டினாலும் நீர் ஊறும். யாழ்ப்பாணத்தில் இத்தகைய சிறு நீர்க்குழியைப் பூவல் என்பர். எங்கள் காரைக்கால் பகுதியில் ஊற்று என்போம். பூவம் முதலான கரையோர ஊர்களில் அலைவாய்க்குச் சிறிது தொலைவிலேயே மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பது இவ்விதியால்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையின் கிணறுகள் உப்பானதையும், அடுத்தடுத்த மழைகளால் அவை மெல்லத் தெளிந்ததையும் கண்டவர்களுக்கு இவ்வில்லை எவ்வளவு மெல்லியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேலணையின் சாட்டிப் பகுதி இன்றும் நல்ல குடிநீருக்குப் பெயர் பெற்றது. நெடுந்தீவின் பெரும்பகுதியில் நீர் உவர்ப்பு. தீவில் எங்கே வாழலாம் என்பதை அன்றும் இன்றும் தண்ணீரே முடிவு செய்கிறது.

வரலாற்று வரிசையில் வேலணை

இலங்கையில் மனிதர் வாழ்ந்த பழைமை மிகப் பெரியது. தென்மேற்குக் காட்டுப் பகுதியிலுள்ள பாகியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்றுகள் கிடைத்துள்ளன. தென்கரையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இடைக்கற்கால மக்களின் கிளிஞ்சல் மேடுகள் உள்ளன. வடமேற்கில் மாந்தைத் துறைமுக நகரின் அடியில், கி.மு. 1800 அளவில் கணிக்கப்பட்ட கற்கால அடுக்கு ஒன்று அகழப்பட்டது. வேலணையை இவ்வரிசையில் வைத்துப் பார்த்தால் அது தனித்த வியப்பாகத் தோன்றாது. தெற்கிலும் மேற்கிலும் கடலோரம் வாழ்ந்த மக்களின் எல்லை வடக்குத் தீவுகள் வரை நீண்டிருந்தது என்றே கொள்ளத் தோன்றும்.

தமிழகக் கரையிலும் இணையான சான்று உண்டு. தூத்துக்குடிப் பகுதியின் செம்மணல் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை இராபர்ட் புரூசு பூட் முதலில் கவனப்படுத்தினார். 1956 இல் சாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பழைய கடல் மட்டத்தோடு இணைத்து ஆராய்ந்தனர்.

தீவகத்தைச் சூழ்ந்த பகுதியில் அடுத்த கட்டம் இரும்புக் காலம். ஆனைக்கோட்டை ஈமப் புதைகுழிகள், அங்கு கிடைத்த பிராமி எழுத்துடைய முத்திரை, கந்தரோடைக் குடியிருப்பு ஆகியவை அக்காலத்தை அறிவிக்கின்றன. அம்மக்கள் பானை வனைந்தனர், இரும்பு பயன்படுத்தினர், கடல் வணிகத்தில் ஈடுபட்டனர்.

காவிரிக் கரையில் இது ஏன் கிடைப்பதில்லை?

எதிர்க்கரையான காவிரிக் கழிமுகத்தில் இத்தகைய கற்கால மேடுகளை நாம் காண்பதில்லை. அங்கு மனிதர் இல்லை என்பது இதன் பொருளன்று. சுண்ணாம்புத் தீவில் மண் படிவது குறைவு. பழைய தரை மேலேயே இருக்கும். காவிரியும் அதன் கிளைகளும் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிப் பழைய தரையை ஆழத்தில் புதைத்துவிட்டன. கரையும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பூவத்திற்கு வடக்கே, பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை கண்டெடுத்த செங்கல் படகுத்துறை இன்று தரைக்குள் கிடக்கிறது. வரலாற்றுக் காலத் துறையே மண்மூடிப் போகுமானால், அதற்கும் முந்தைய அடுப்பு எங்கே கிடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சான்று கிடைக்கவில்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. சூழல் தொல்லியலின் முதற்பாடம் இது.

அவர்கள் யார்?

இவ்வினா எழுந்தவுடன், அவர்கள் எங்கள் முன்னோர் என்று உரிமை கொண்டாடும் போட்டியும் எழுகிறது. கற்செதிலுக்கு மொழி இல்லை. சிப்பி ஓட்டில் இனத்தின் பெயர் எழுதப்படவில்லை. வேலணை மேடு அம்மக்கள் என்ன உண்டனர், எங்கிருந்து கல் கொண்டுவந்தனர், எக்காலத்தில் வாழ்ந்தனர் என்பவற்றைச் சொல்லும். என்ன மொழி பேசினர் என்பதைச் சொல்லாது. இன்று இலங்கையில் வழங்கும் எம்மொழிக்கும் இச்சான்றை உரிமைப் பத்திரமாகக் காட்ட முடியாது. சான்று தரும் அளவுக்கே முடிவு கூறுவது தொல்லியலின் ஒழுக்கம். அந்த எல்லையைத் தாண்டினால் நல்ல சான்றும் வீண் வழக்கிற்குக் கருவியாகிவிடும்.

அழியும் நிலை

கிளிஞ்சல் மேடு பார்வைக்குக் குப்பையாகவே தெரியும். கோயிலையோ கல்வெட்டையோ காப்பது போல் இதைக் காக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பாக்கு நீரிணையின் இருகரையிலும் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அள்ளப்படுவது இயற்கைக் குவியலா, மனிதர் விட்ட மேடா என்று அள்ளுபவருக்குத் தெரியாது. வீடு கட்ட மணல் எடுப்பதும், சாலைக்கு மண் நிரவுவதும் இதே விளைவைத் தருகின்றன. உயரும் கடலும் கரையை அரித்து வருகிறது. மூவாயிரம் ஆண்டு கிடந்த சான்று ஒரு பகல் வேலையில் தீர்ந்துவிடும்.

கடலோர ஊர்களில் வாழும் மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரையிலிருந்து சற்று உள்ளே, மேட்டு நிலத்தில், ஒரே வகையான பெரிய ஓடுகள் சாம்பல் நிற மண்ணோடு கலந்து கிடந்தால், அவற்றைத் தோண்டக் கூடாது. எடுத்துச் செல்லவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒளிப்படம் எடுத்து, ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடு எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் உள்ளது. இடம்விட்டுப் பெயர்த்த பின் அது வெறும் சிப்பி ஓடுதான்.