பித்தளைச் சாடியின் பிறப்பு

பொத்துவில் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு பித்தளைச் சாடியைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். ஓரடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். உடலெங்கும் ஆணி முனையால் தட்டித் தட்டிப் பதித்த இலைக்கொடி. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், அவர்கள் வீடிருந்த மணலிலிருந்து மீண்ட ஒரே பழம்பொருள் அதுவாம்.

“சேர், இது மட்டக்களப்புக் கடலில் தாண்ட கப்பலின் குண்டு. உம்மாவின் வாப்பா சொன்னாராம்” என்றான்.

1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலையே அவன் குறித்தான். அன்று அக்கப்பலில் மாண்டவர் 307 பேர்.

வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் போர்வீரரும் கைதிகளும் பூச்சாடியாகவும் சாம்பற்கிண்ணமாகவும் மாற்றியமைத்தது பல நாட்டு வழக்கம். அவற்றின் பூர்வீகத்தை அறிய விரும்புவோர் பூவேலையில் மயங்காது, முதலில் அடிப்புறத்தைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். (புளியிட்டுத் தேய்க்கும் நம் இல்லத்தரசிகள் அந்த இடத்தை மட்டும் விட்டுவைப்பார்களாக! முனையில் குண்டு பொருந்திய தோட்டாவாயின் தொடவே கூடாது. பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.)

கவிழ்த்தோம். தேய்ந்த எழுத்துக்களின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினோம். ‘18 பி.ஆர்.’ என்பது முதலில் தெரிந்தது: பதினெட்டு இறாத்தல் குண்டெறியும் ஆங்கிலேயரின் களப்பீரங்கி. அருகே ‘1916’. பின்னர் ‘சி.எஃப்.’ என்ற முத்திரை மூன்றிடத்தில். கோர்டைற்று மருந்து முழு அளவில் நிரப்பப்பட்டதன் அடையாளம் அது. மும்முறை நிரப்பப்பட்ட கூடு! வாயின் விட்டம் 3.3 அங்குலம். ஹேர்மிஸின் பெரும் பீரங்கிகளோ ஐந்தரை அங்குலமும் நான்கங்குலமும் கொண்டவை. மேலும், அக்கப்பல் கட்டத் தொடங்கியதே 1918 இல்தான்.

பையனின் முகம் வாடிற்று. பாட்டனார் பொய்யுரைத்தார் என்று நான் சொன்னதாக அவன் எண்ணிவிட்டான் போலும். “வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு வா” என்று அனுப்பினேன்.

மறுவாரம் உம்மம்மாவின் வாய்மொழியோடு வந்தான்: “ஆரு மனே கப்பலெண்டு சொன்ன? தியத்தலாவப் பட்டாளத்து ஏலத்தில எடுத்த சாமான் அது!” கப்பற்கதை பின்னாளில் பேரப்பிள்ளைகள் ஒட்டியது.

தியத்தலாவை என்றதும் அவனுக்கு வேறோர் ஐயம். 1900 முதல் அங்கே சிறைவைக்கப்பட்ட சுமார் ஐயாயிரம் போயர் கைதிகள் மரத்திலே பெட்டியும் புகைக்குழாயும் கைத்தடியும் செதுக்கினர் என்று படித்திருக்கிறான். அவருள் எங்கெல்பிரெக்ட் என்பவர் அரச விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கி, பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள யால வனத்தின் முதற் காவலரானார். “அவர்களின் கைவேலையாக இருக்குமோ, சேர்?”

பல போயர் வேலைப்பாடுகளில் முகாமின் பெயரும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். இதிலோ கொடியைத் தவிர ஒன்றுமில்லை. தவிரவும், போர் முடிந்த 1902 இலேயே அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டனர்; கூடு செய்யப்பட்டதோ 1916 இல். அடிமுத்திரை பித்தளையின் வயதைச் சொல்லும்; கொடியைத் தட்டிய கையின் பெயரைச் சொல்லாது.

உம்மம்மா சொன்னதைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதச் செய்தேன். பாட்டனாரின் பெயரையும் சேர்த்தெழுதி, சுருட்டிச் சாடிக்குள் இட்டுக்கொண்டு போனான்.