பழைய நுண்செயலிக்கு ஏற்ற லினக்ஸ் கருநிரல்: தேர்வும் மேம்பாடும்

பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கணினிகள் பல இன்றும் பழுதின்றி இருக்கின்றன. ஆயினும், அவற்றுடன் வந்த இயங்குதளத்திற்கு ஆதரவு நின்றுவிட்டமையால் அவை ஒதுக்கப்படுகின்றன. அவற்றை மீண்டும் வகுப்பறைக்குப் பயன்படுத்த விழைவோர் பெரும்பாலும் லினக்ஸை நாடுகின்றனர். அவர்கள் முதலில் விடைகாண வேண்டிய வினா, எந்தக் கருநிரலைத் தேர்வது என்பது. அவ்விடையைக் காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையே நின்று பணியாற்றுவது கருநிரல். நினைவகத்தைப் பங்கிடுதல், நுண்செயலியின் நேரத்தைப் பகிர்ந்தளித்தல், வட்டு, வலையட்டை முதலியவற்றை இயக்குதல் ஆகியன அதன் கடமைகள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கெர்னல்’ என்னும் சொல், கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பைக் குறிப்பது. தமிழில் ‘கரு’ என்னும் அடிச்சொல் அப்பொருளை நன்கு தாங்குகிறது. ‘செயலி’ என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திறன்பேசி மென்பொருளுக்கு உரிய சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ஆகவே, கணக்கிடும் சில்லினை இங்கு ‘நுண்செயலி’ என்றே குறிப்பிடுகிறேன்.

நுண்செயலியை அறிதல்

முதற்பணி, நுண்செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று அறிவது. 32 பிட் முகவரியால் 4 கிகாபைட் வரையிலான நினைவகத்தையே சுட்ட இயலும். 1995இல் வெளிவந்த பென்டியம் புரோ, ‘பி.ஏ.இ.’ எனப்படும் நீட்சியால் அவ்வரம்பை 64 கிகாபைட்டாக உயர்த்தியது. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் இக்குடும்பத்தின் 64 பிட் நுண்செயலிகளை வெளியிட்டது. இன்டெலும் அடுத்த ஆண்டு அவ்வழியைப் பின்பற்றியது.

யுஎஸ்பி விரலியிலிருந்து லினக்ஸை இயக்கி, நுண்செயலியின் பண்புகளைப் பட்டியலிடும் கோப்பைப் பார்த்தால் இவை விளங்கும். அதில் ‘எல்.எம்.’ என்னும் ஈரெழுத்துக் குறி இருப்பின் அது 64 பிட் வகை. ‘பி.ஏ.இ.’ என்பதும் அங்கேயே காணப்படும். தொடக்ககாலப் பென்டியம் எம் நுண்செயலிகள் சில இத்திறனைப் பெற்றிருந்தும் பட்டியலில் அறிவிப்பதில்லை. அவற்றுக்கெனக் கருநிரலில் தனி விருப்பத்தேர்வு உண்டு.

64 பிட் திறன் இருப்பின், நினைவகம் மிகக் குறைவாக இருந்தாலன்றி, 64 பிட் கருநிரலையே தேர்ந்தெடுப்பது நன்று. 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’ என்னும் நுண்செயலிக் குறைபாடு வெளிப்பட்டபோது 64 பிட் கருநிரலுக்குத் தடுப்பு உடனே வந்தது. 32 பிட் கருநிரலுக்கோ அவ்வாண்டு அக்டோபரில் வெளியான 4.19ஆம் பதிப்பில்தான் வந்தது. உருவாக்குவோரின் கவனம் எப்பக்கம் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

பெயர் நிலைக்க, பொருள் மாறுதல்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது, இன்டெல் 386 நுண்செயலி பொருந்திய தம் கணினியில் லினக்ஸை எழுதினார். அதே 386க்கான ஆதரவு 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. ஆயினும், டெபியன் வழங்கல் தன் 32 பிட் பிரிவை ‘ஐ386’ என்னும் பழைய பெயராலேயே தொடர்ந்து அழைத்தது. 2017இல் வந்த டெபியன் 9 முதல் அப்பிரிவுக்கு 686 வகை நுண்செயலி தேவைப்பட்டது. 2025இல் வந்த டெபியன் 13இல் அப்பிரிவுக்கான கருநிரலே இல்லை. சொல் நிலைத்திருக்க அதன் பொருள் நகர்வதை மொழியியலார் நன்கறிவர். இங்கும் அதுவே நிகழ்ந்தது. எனவே பெயரை நம்பாமல், அவ்வெளியீடு கோரும் குறைந்தபட்ச நுண்செயலி எது என்பதை ஆவணத்தில் பார்த்தறிதல் வேண்டும்.

எந்தப் பதிப்பு?

பதிப்பெண்ணும் மயக்கம் தருவதே. 5லிருந்து 6க்குத் தாவியது பெரும் புரட்சியைக் குறிப்பதன்று. புள்ளிக்குப் பின்வரும் எண் பெருகியதால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கப்பட்டது, அவ்வளவே. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. அவற்றுட் சில மட்டும் நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தெரிவு செய்யப்படுகின்றன, 5.10, 6.1, 6.12 ஆகியன அத்தகையவை.

பழைய கணினிக்குப் புதிய வசதிகளால் பயன் குறைவு. பாதுகாப்புத் திருத்தங்களோ இன்றியமையாதவை. ஆகவே, பராமரிப்பில் உள்ள நீண்டகாலப் பதிப்பே ஏற்றது. அதனைத் தாமே தொகுப்பதைவிட, வழங்கல் தரும் கருநிரலை ஏற்பது எளிது. ‘நன்றாகத்தானே இயங்குகிறது’ என்று பராமரிப்பு நின்ற பதிப்பிலேயே தங்குவது, இணையத்தில் இணைந்த கணினிக்கு இடர் தருவது. குறைபாட்டுத் தடுப்புகள் பழைய நுண்செயலியைச் சற்று மந்தமாக்கக்கூடும். அவற்றை அணைத்துவைக்க வழியுண்டு எனினும், மாணவர் இணையத்தை உலாவும் கணினியில் அவ்வாறு செய்தல் தகாது.

மேம்படுத்தும் முறை

முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். அடுத்து, தொடக்கக் கோப்புகள் உள்ள பகுதியில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கருநிரலை நீக்காமலேயே புதியதை நிறுவ வேண்டும். இரண்டும் தொடக்கப் பட்டியலில் இடம்பெறும். புதியது தவறினால் பழையதைத் தேர்ந்து கணினியை மீட்கலாம். பின்னர் திரை, ஒலி, அருகலை, உறக்கநிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பழைய வன்பொருளுக்கான இயக்கிகள் சில புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருத்தல் கூடும். சில நாள்கள் பயன்படுத்தி நிறைவுற்ற பின்னரே பழைய கருநிரலை அகற்றலாம்.

தமிழாசிரியர்க்கு ஒரு செய்தி: தமிழ் எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டுவன, கருநிரலுக்கு வெளியேயுள்ள எழுத்துருக்களும் எழுத்தமைப்பு மென்பொருளுமே. எனவே, கருநிரலை மாற்றுவதால் மாணவர் தட்டச்சிட்ட கட்டுரைகள் சிதையா. 32 பிட் நுண்செயலி மட்டுமே உள்ள கணினிக்குப் பராமரிக்கப்படும் கருநிரல் கிடைக்கவில்லையெனில், அதனை இணையத்திலிருந்து துண்டித்து, தட்டச்சுப் பயிற்சிக்கெனத் தனியே வைக்கலாம். 64 பிட் நுண்செயலி கொண்டதை மட்டும் இணையத்தோடு இணைக்கலாம். ஒரு கணினியை ஒதுக்கும் முன் இச்சோதனையைச் செய்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். அதனை மாணவரைக் கொண்டே செய்விப்பது நல்ல பாடமாகவும் அமையும்.